ஜார்லினோ: விதி எழுதிய வாத்தியாரா, காதுக்கு வக்கீலா?

தாழ்வாரம்:
வணக்கம். மேற்கத்திய இசையின் ஹார்மனிப் பாடத்தைச் சொந்தமாகப் படித்துவருகிறேன். போன வாரம் நான்கு குரலுக்கு ஒரு பயிற்சி எழுதி ஒருவரிடம் திருத்தக் கொடுத்தேன். பதினாறு அளவையில் ('பார்') ஒன்பது சிவப்பு வட்டம். எல்லாம் ஒரே குற்றம்: இரண்டு குரல்கள் பஞ்சம இடைவெளியிலேயே சேர்ந்து நகர்ந்துவிட்டன. ஏன் கூடாது என்று கேட்டேன். "ஜார்லினோ காலத்திலிருந்தே கூடாது" என்று பதில் வந்தது. தேடிப் பார்த்தால் 16ஆம் நூற்றாண்டு வெனிஸ் பாதிரியார் ஒருவர். 1558இல் 'இஸ்தித்யூத்ஸியோனி ஹார்மோனிகே' என்ற தடிமனான நூலை எழுதியிருக்கிறார். அவருடைய மாணவரே பிற்பாடு அவரை அடித்துத் துவைத்தாராம். துவைத்தவர் கலிலியோவின் அப்பா. எனக்கு அந்த அப்பாவைத்தான் பிடித்திருக்கிறது. ஜார்லினோவைப் படிப்பதில் இன்றைக்கு ஏதாவது பயன் உண்டா, அல்லது சிவப்பு வட்டம் போடத்தான் அவர் உதவுவாரா?

ஓரமாய்நின்றவன்:
பதினாறில் ஒன்பது என்றால் மீதி ஏழு தப்பியதே பெரிது.

உப்பங்கழி:
தாழ்வாரம் தம்பி, கோபம் நியாயம்தான். ஆனால் ஆளை மாற்றிப் பிடித்திருக்கிறீர்கள். இணைப் பஞ்சமத் தடை ஜார்லினோ கண்டுபிடித்ததல்ல. 14ஆம் நூற்றாண்டு நூல்களிலேயே இருக்கிறது. 1477இல் திங்க்டோரிஸ் எழுதிய கவுண்டர்பாயிண்ட் (பல மெட்டுகளைப் பின்னும் கலை) நூலிலும் இருக்கிறது. ஜார்லினோ செய்தது வேறு. "பெரியவர்கள் சொன்னார்கள்" என்று கைமாறி வந்த விதிகளை உட்காரவைத்து, ஒவ்வொன்றிடமும் காரணம் கேட்டார். இந்த விதிக்கு அவர் சொன்ன காரணம்: இசைவு என்பது வேறுபட்டவை ஒன்றோடொன்று பொருந்துவது. முழு இசைவான பஞ்சமத்துக்குப் பின் அதே பஞ்சமம் வந்தால் அங்கே வேறுபாடு இல்லை. இரண்டு குரல் ஒரு குரலின் நிழல் போல ஆகிவிடுகிறது. உங்கள் திருத்துநர் இந்த வரியைச் சொல்லியிருந்தால் இந்த இழையே வந்திருக்காது.

ஆளைப் பற்றியும் கொஞ்சம். 1517இல் கியோஜாவில் பிறந்தவர். வெனிஸ் காயலின் தென்கோடியில் இருக்கும் மீன்பிடி ஊர் அது. பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்தார். 1536இல் அந்த ஊர் மறைமாவட்டப் பேராலயத்தில் பாடகர். 1540 வாக்கில் அங்கேயே ஆர்கன் வாசிப்பவர். 1541இல் படகேறி வெனிஸுக்குப் போனார். அங்கே சான் மார்கோ ஆலயத்தின் இசைத் தலைவர் அட்ரியான் வில்லார்ட், இன்றைய பெல்ஜியம் பக்கத்திலிருந்து வந்தவர். 1527 முதல் 1562இல் சாகும்வரை அந்தப் பதவியில் இருந்தவர். ஜார்லினோ அவரிடம் மாணவராகச் சேர்ந்தார். தன் நூலின் முன்னுரையில் குருவைப் 'புதிய பைதகோரஸ்' என்றே எழுதுகிறார். வில்லார்டுக்குப் பின் சிப்ரியானோ தெ ரோரே சிறிது காலம் அந்த நாற்காலியில் இருந்து விலகினார். 1565இல் அது ஜார்லினோவுக்கு வந்தது. 1590 பிப்ரவரியில் இறக்கும்வரை, கால் நூற்றாண்டு, அங்கேயே இருந்தார். நடுவில் 1583இல் சொந்த ஊரின் ஆயர் பதவி தேடி வந்தபோதும் போகவில்லை.

அதனால்தான் சொல்கிறேன்: இவர் காகிதத்தில் மட்டும் வாழ்ந்த வாத்தியார் அல்லர். நாள்தோறும் பாடகர்களைக் கட்டி மேய்த்தவர். புத்தகத்தையும் லத்தீனில் எழுதாமல் இத்தாலிய மொழியில்தான் எழுதினார்.

நரம்புக்கருவி:
உப்பங்கழி ஐயா அழகாக எழுதிவிட்டார்; நான் எதிர்க்கட்சி. கட்டி மேய்த்தவர் என்றால் ஆறு என்ற எண்ணுக்கு ஏன் அப்படிக் கோயில் கட்டினார்? 'செனாரியோ' என்று பெயர் வைத்து, 1 முதல் 6 வரையிலான எண்களுக்குள்தான் இசைவெல்லாம் அடக்கம் என்றார். ஏன் ஆறு? கடவுள் ஆறு நாளில் உலகைப் படைத்தார். திசைகள் ஆறு: மேல், கீழ், முன், பின், வலம், இடம். ஒன்றும் இரண்டும் மூன்றும் கூட்டினாலும் ஆறு, பெருக்கினாலும் ஆறு. இது இசையா, ஜாதகமா?

கணக்கன்:
ஜாதகம் போலத் தெரியும். உள்ளே இருப்பது நல்ல சரக்கு. பொறுமையாகப் பாருங்கள்.

பழைய பைதகோரஸ் மரபில் 1 முதல் 4 வரைதான் இசைவு. 2:1 என்பது ஸ்தாயி, 3:2 பஞ்சமம், 4:3 சுத்த மத்யமம். அவ்வளவுதான். காந்தாரம் வேண்டுமென்றால் பஞ்சமம் பஞ்சமமாக நான்கு முறை ஏறி வர வேண்டும், 81:64 கிடைக்கும். அது உறுத்தும். ஏடுகளில் அந்தக் காந்தாரம் இசைவாகவே கணக்கில் வராது. ஆனால் ஜார்லினோ பிறப்பதற்கு நூறு ஆண்டு முன்பிருந்தே ஐரோப்பாவில் காந்தாரமும் தைவதமும் நிறைந்த இசைதான் பாடப்பட்டது. பாட்டு ஒரு பக்கம், சாத்திரம் ஒரு பக்கம்.

எல்லையை நான்கிலிருந்து ஆறுக்கு நகர்த்தினால் 5:4, 6:5 இரண்டும் உள்ளே வந்துவிடுகின்றன. முதலாவது அந்தர காந்தாரம், இரண்டாவது சாதாரண காந்தாரம். தம்பூராவைச் சுத்தமாகச் சேர்த்தால் மந்தரத் தந்தியிலிருந்து தானாக எழும் சுயம்பு காந்தாரம் இந்த 5:4தான். பாடகர் தொண்டை ஏற்கெனவே செய்துகொண்டிருந்ததற்கு அவர் சட்ட அங்கீகாரம் வாங்கிக் கொடுத்தார். படைப்பின் ஆறு நாள் அந்த வழக்குக்குக் கொண்டுவந்த சாட்சி. அந்தக் காலத்து நீதிமன்றத்தில் அந்தச் சாட்சி எடுபடும்.

ஓர் ஓட்டையும் உண்டு. சிறிய ஆறாம் இடைவெளி 8:5. எட்டு, ஆறுக்கு வெளியே நிற்கிறது. அதை மத்யமமும் சாதாரண காந்தாரமும் சேர்ந்த கூட்டு என்று சொல்லிச் சமாளித்தார். கணக்கு சரி, 4/3 × 6/5 = 8/5. ஆனால் சமாளிப்பு சமாளிப்புதான்.

தாழ்வாரம்:
கணக்கன் ஐயா, இப்போது கொஞ்சம் புரிகிறது. அப்படியென்றால் மேஜர் மகிழ்ச்சி, மைனர் சோகம் என்பதும் இவர் சொன்னதுதானா?

உப்பங்கழி:
அந்தத் திசையில் தெளிவாக எழுதியவர்களில் முக்கியமானவர். கீழே பெரிய மூன்றாம் இடைவெளி (கணக்கன் சொன்ன 5:4) இருந்தால் துடிப்பு, மகிழ்ச்சி. சிறியது (6:5) கீழே இருந்தால் இனிமையோடு ஒரு துயரம். பழைய சாத்திரக்காரர்கள் இரண்டு குரலுக்கு இடையே மட்டும் பார்த்தார்கள். இவர் மூன்று சுரங்களைச் சேர்த்துவைத்துப் பார்க்கத் தொடங்கினார். 1722இல் பிரெஞ்சு இசையமைப்பாளர் ராமோ தன் ஹார்மனி நூலை எழுதும்போது பக்கத்துக்குப் பக்கம் ஜார்லினோவோடு மல்லுக்கு நிற்பது சும்மா இல்லை.

பாராட்டோடு ஒரு குறையும் சொல்லிவிடுகிறேன். மோடுகள், அதாவது ஸ்வர வரிசை வகைகள், பன்னிரண்டு என்ற கருத்தை 1547இலேயே கிளாரேயானுஸ் நூலாக வெளியிட்டுவிட்டார். 1558இல் ஜார்லினோ அதே பன்னிரண்டை விரித்து எழுதுகிறார்; அவர் பெயரைச் சொல்லவில்லை. எனக்கு இவரிடம் மனம் கசக்கும் இடம் இதுதான்.

நரம்புக்கருவி:
கசப்பை ஒப்புக்கொண்டதற்கு நன்றி ஐயா. என் கட்சியை முழுதாக வைக்கிறேன்.

தம்பி சொன்ன அந்த அப்பா வின்சென்சோ கலிலேயி, லூட் என்ற நரம்புக் கருவி வாசித்தவர். ஃபுளோரன்ஸ் பிரபு ஜொவான்னி தெ பார்தியின் ஆதரவில் 1560களில் வெனிஸுக்கு வந்து ஜார்லினோவிடம் படித்தார். பிறகு ரோமில் இருந்த ஜிரோலமோ மேயி என்ற கிரேக்க அறிஞரோடு கடிதத் தொடர்பு. கிரேக்கர்கள் நான்கைந்து மெட்டுகளைப் பின்னிப் பாடவில்லை, ஒரே மெட்டைச் சொல்லின் உணர்ச்சியோடு பாடினார்கள் என்று மேயி எழுத எழுத, கலிலேயிக்குக் குருவின் மேல் இருந்த பக்தி கரைந்தது. 1581இல் ஃபுளோரன்ஸில் 'பழைய இசையும் புதிய இசையும்' பற்றிய உரையாடல் நூலை அச்சிட்டார். அடி சரமாரியாக விழுந்தது.

முதல் அடி: நீங்கள் சொல்லும் சுத்த விகிதங்களில் எந்தக் குழுவும் பாடுவதில்லை. பழைய கிரேக்க அறிஞர் தாலமியின் ஏட்டில் இருக்கும் ஸ்வர வரிசையை எடுத்துப் பாடகர் வாயில் திணிக்கிறீர்கள்.

இரண்டாவது அடி சில ஆண்டுகள் கழித்து. கொல்லன் பட்டறைக் கதை எல்லோருக்கும் தெரியும். பைதகோரஸ் சுத்தியல் ஓசை கேட்டு, 12, 9, 8, 6 என்று எடைபோட்டு, அதே எடைகளைத் தந்தியில் தொங்கவிட்டு இசைவுகளைக் கண்டாராம். ஆயிரத்தைந்நூறு ஆண்டு எல்லோரும் இதைத் திருப்பித் திருப்பி எழுதினார்கள், ஜார்லினோ உட்பட. கலிலேயி உண்மையிலேயே தந்தியில் எடை கட்டிப் பார்த்தார். இரண்டு மடங்கு எடை போட்டால் ஸ்தாயி வரவில்லை. நான்கு மடங்கு வேண்டும். பஞ்சமத்துக்கு 3:2 அல்ல, 9:4. 1589இல், ஜார்லினோ உயிரோடு இருக்கும்போதே, அவர் பெயரைத் தலைப்பிலேயே போட்டு ஒரு நூல் வெளியிட்டார். இந்தச் சோதனை அதில் இருக்கிறது. 2:1 என்ற எண்ணுக்குத் தனிப் புனிதம் கிடையாது. நீளத்தை அளந்தால் ஒன்று, இழுவிசையை அளந்தால் வேறொன்று.

அந்த வீட்டில் ஒரு பையன் வளர்ந்தான் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஓரமாய்நின்றவன்:
குருவை மிஞ்சிய சிஷ்யன், அப்பாவை மிஞ்சிய பிள்ளை. நடுவில் மாட்டிக்கொண்டது அந்த லூட்தான்.

உப்பங்கழி:
பட்டறைச் சோதனையில் கலிலேயி வென்றார். மறுப்பு இல்லை. ஆனால் 1588இல் ஜார்லினோ 'சோப்ளிமென்டி' என்று பதில் நூல் எழுதினார், பார்த்தீர்களா? கலிலேயியின் பெயரை எழுதாமல் 'என் மாணவன்' என்றே குறிப்பிடுகிறார். எழுபது வயது மனிதர். அந்தச் சொல்லில் எவ்வளவு புழுக்கம் இருந்திருக்கும்! அதே நூலில் லூட்டின் ஸ்தாயியைப் பன்னிரண்டு சமபங்காகப் பிரிக்க வடிவியல் வழிகளையும் தருகிறார். பிடிவாதக்காரர் ஒருவர் அதைச் செய்ய மாட்டார்.

கணக்கன்:
முதல் அடிக்கு வருகிறேன். அதுதான் உண்மையான சண்டை. பட்டறைக் கதை கிளைக்கதை. ஒரு சின்னப் பயிற்சி, இரண்டு பேர் போதும். கீழ்க்குரல், மேல்குரல்.

கீழ்க்குரல் ஸ, 264 அதிர்வு என்று வைப்போம். மேல்குரல் அதன்மேல் சதுச்ருதி த பாடட்டும், சுத்த விகிதம் 5:3. வருவது 440. மேல்குரல் அதைப் பிடித்துக்கொண்டு நிற்க, கீழ்க்குரல் ரிக்கு நகரட்டும். தவுக்குச் சரியான பஞ்சமம் கீழே. 293.33. இப்போது கீழ்க்குரல் நிற்க, மேல்குரல் பவுக்கு வரட்டும். ரிக்கு மேலே 4:3. 391.11. மேல்குரல் நிற்க, கீழ்க்குரல் மறுபடி ஸவுக்கு, பஞ்சமம் கீழே. 260.74.

264இல் கிளம்பி 260.74இல் வந்து நிற்கிறோம். யாரும் தப்பாகப் பாடவில்லை. ஒவ்வொரு இடைவெளியும் தங்கம். ஆனால் ஸ இறங்கிவிட்டது, 80/81 பங்கு. இந்த இடைவெளிக்குக் காமா என்று பெயர், சுமார் 21.5 சென்ட், அரைச்சுரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். நான்கைந்து சுற்று போனால் குழு முழுதும் சுமார் ஓர் அரைச்சுரம் கீழே உட்கார்ந்திருக்கும். இதே வகைக் கணக்கை பெனெதெத்தி என்ற கணித அறிஞர் சிப்ரியானோ தெ ரோரேவுக்குக் கடிதமாக எழுதி, 1585இல் அச்சிலும் வந்துவிட்டது.

குரலாவது வளைந்துகொடுக்கும். ஆர்கன் என்ன செய்யும்? அதற்கு ஜார்லினோ 1558லேயே ஒரு மருந்து வைத்திருந்தார். ஒவ்வொரு பஞ்சமத்தையும் காமாவில் ஏழில் இரண்டு பங்கு குறைப்பது. அந்த எண் எங்கிருந்து வந்தது என்று வெகுநாள் குழம்பினேன். போட்டுப் பார்த்தால் பெரிய காந்தாரமும் சிறிய காந்தாரமும் சரியாக ஏழில் ஒரு பங்கு, அதாவது 3 சென்ட், குறைகின்றன. இரண்டுக்கும் ஒரே நஷ்டம். பாகப்பிரிவினையில் அண்ணனுக்கும் தம்பிக்கும் சமமாக வெட்டிய மாதிரி. இப்படிச் சேர்த்தால் ஒரே கறுப்புக் கட்டை இரண்டு சுரத்துக்குப் பொதுவாக நிற்க முடியாது என்பதால், தொமெனிகோ தா பேசரோ என்ற கைவினைஞரிடம் 1548இல் ஸ்தாயிக்கு 19 கட்டை வைத்த ஹார்ப்சிகார்டு (பியானோவுக்கு முந்தைய கட்டைக் கருவி) செய்து வாங்கியிருந்தார். விதி எழுதிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றவர் செய்யும் வேலையா இது?

மேல்ஸ்தாயி:
இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் எண்களையே பேசுகிறீர்கள். அந்த மனிதர் பாட்டும் எழுதினார் ஐயாமார்களே! தேவாலயக் குழுவில் நடுக்குரல் பாடுகிறவள் நான். சுமார் நாற்பது மோட்டெட்டுகள் (பல குரல் பக்திப் பாட்டு), பதின்மூன்று மாட்ரிகல்கள் (பல குரல் கவிதைப் பாட்டு) கிடைக்கின்றன. 1574இல் பிரான்சின் மூன்றாம் ஹென்றி போலந்திலிருந்து திரும்பும் வழியில் வெனிஸுக்கு வந்தபோது நடந்த வரவேற்புக்கும் இசை எழுதினார். அந்த இசை நம் கைக்கு வரவில்லை.

1549இல் வெளியான ஐந்து குரல் தொகுப்பில் உன்னதப்பாட்டு வரிகளுக்கு இசையமைத்திருக்கிறார். வழக்கமான லத்தீன் வேதாகமத்தில் அந்தப் பெண் 'நான் வயல்வெளிப் பூ' என்பாள். ஜார்லினோவின் பாட்டில் 'எகோ ரோசா சாரோன்'. நம் தமிழ் வேதாகமத்தில் படிக்கும் அதே சாரோனின் ரோஜா. அவர் இசிதோரோ கியாரியின் லத்தீன் மொழிபெயர்ப்பை எடுத்துக்கொண்டதால் வந்த வித்தியாசம். எபிரேயமும் கிரேக்கமும் கற்றவர், மூலத்துக்கு நெருங்கிய சொல்லை விட மனமில்லை போலும். நூலின் நான்காம் பாகத்தில் சொல்லுக்கு இசை எப்படிப் பொருந்த வேண்டும் என்று தனியாக விதிகள் தருகிறார். குறில் அசையில் நீண்ட சுரம் வைக்காதே, வாக்கியம் முடியாமல் ஓய்வு வைக்காதே. இந்தக் குற்றங்களைச் செய்கிற இசையமைப்பாளர்களின் பாட்டைப் பாடித் தொண்டை நொந்த எங்களுக்கு இவர் கடவுள்.

பாட்டு எப்படி என்று கேட்டால், உண்மையைச் சொல்கிறேன். சீராக ஓடும். மூச்சுக்கு வசதி. வில்லார்ட் வீட்டுப் பிள்ளை என்று முதல் அளவையிலேயே தெரியும். ரோரே பாட்டில் சட்டென்று ஓர் இடத்தில் வயிற்றைப் பிசையுமே, அது இதில் இல்லை.

நரம்புக்கருவி:
அம்மா சொன்ன கடைசி வரிதான் என் வழக்கே. அந்தப் பிசைவுக்கு அவருடைய விதிகளில் இடமில்லை. அதனால்தான் அவர் இறந்த பத்தாம் ஆண்டில், 1600இல், அவருடைய மாணவர் ஆர்தூசி அந்த விதிகளைக் கையில் எடுத்துக்கொண்டு புதுப் பாணி இசையமைப்பாளர் மொன்டெவெர்டியை விரட்டினார்.

உப்பங்கழி:
ஆர்தூசி செய்த குற்றத்துக்கு ஜார்லினோவைக் கூண்டில் ஏற்றாதீர்கள். மொன்டெவெர்டி தரப்பு என்ன சொன்னது? 1607இல் தம்பி ஜூலியோ சேசரே எழுதிய விளக்கத்தில் முதல் மரபு, இரண்டாம் மரபு என்று பிரித்து, முதல் மரபின் விதிகளை வகுத்தவர் ஜார்லினோ என்று மரியாதையோடு வைக்கிறார். எங்கள் வழி வேறு என்றுதான் சொன்னார்கள். 1613இல் மொன்டெவெர்டி வந்து அமர்ந்த நாற்காலி எது தெரியுமா? சான் மார்கோவில் ஜார்லினோ இருந்த அதே நாற்காலி. வடக்கே ஆம்ஸ்டர்டாமில் ஆர்கன் வாசித்த ஸ்வேலிங்க் தன் மாணவர்களுக்குப் பாடம் நடத்தியதும் ஜார்லினோவை வைத்துத்தான்.

தாழ்வாரம்:
கணக்கன் ஐயா சொன்ன பயிற்சியை நேற்று இரவு நானும் தங்கையும் பாடிப் பார்த்தோம். அவள் மேல்குரல், நான் கீழ். கைபேசியில் சுருதி காட்டும் செயலியை வைத்து முதல் ஸவைக் குறித்துக்கொண்டு, பிறகு திரையைக் கவிழ்த்துவிட்டோம். ஸ–த, ரி–த, ரி–ப, ஸ–ப. நிறுத்தாமல் ஆறு சுற்று. நான்காவது சுற்றில் அம்மா வந்து கதவைச் சாத்திவிட்டுப் போனார். முடித்துத் திரையைத் திருப்பினால் ஸ இறங்கியிருந்தது!

கணக்கன்:
எவ்வளவு?

தாழ்வாரம்:
45 சென்ட்.

கணக்கன்:
ஆறு சுற்றுக்கு 129 இறங்கியிருக்க வேண்டும்.

நரம்புக்கருவி:
ஹா! மீதி 84 எங்கே போயிற்று? உங்கள் காது முதல் ஸவை மறக்காமல், நடுவில் எங்கோ ரியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்திருக்கிறது. எந்தக் குழுவும் ஏட்டு விகிதத்தில் பாடுவதில்லை என்று கலிலேயி சொன்னது இதைத்தான். தம்பி, உங்கள் வீட்டு வரவேற்பறையிலேயே தீர்ப்பு வந்துவிட்டது.

உப்பங்கழி:
தீர்ப்பு எழுதும் முன் ஒரே ஒரு குறுக்கு விசாரணை. தங்கை த பிடித்து நின்ற இடத்தில், ஸவோடு அது சேர்ந்தபோது எப்படி இருந்தது?

தாழ்வாரம்:
முதல் இரண்டு சுற்றில் ஒன்றுமில்லை. மூன்றாவதில் ஓரிடத்தில் இரண்டு குரலும் ஒட்டிக்கொண்டு, கீழே யாரோ மூன்றாவது ஆள் முனகுவது போல ஒரு ஒலி வந்தது. இருவரும் சிரித்துவிட்டோம். அதன்பிறகு ஒவ்வொரு சுற்றிலும் அந்த ஆளைத் தேடித்தான் பாடினோம்.

கணக்கன்:
264க்கும் 440க்கும் வித்தியாசம் 176. உங்கள் ஸவுக்குக் கீழே ஒரு பஞ்சமம். மந்தர மத்யமம். 5:3 சுத்தமாக விழுந்தால்தான் அந்த மூன்றாவது ஆள் சரியாக அந்தச் சுரத்தில் வந்து நிற்பார்.

தாழ்வாரம்:
அப்படியென்றால் இன்றிரவும் பாட வேண்டும். கதவை முன்கூட்டியே சாத்திக்கொள்கிறோம். சிவப்பு வட்டம் போட்டவரிடம் மறுபடி கொடுக்கப் புதிய பயிற்சி ஒன்றும் எழுதுகிறேன். பஞ்சமங்களை இந்த முறை எண்ணிவிட்டுத்தான் அனுப்புவேன்.

ஓரமாய்நின்றவன்:
எண்ணி எத்தனை என்று இங்கேயும் போடுங்கள்.